ஆல்வின் வாசலிலிருந்து முதல்வர் நாற்காலிக்கு

தொழில் மாறிய தலைவர்கள் – 9

சென்ற வாரம் வி.வி. கிரியைப் பார்த்தோம். டப்ளினில் சட்டம் படித்தவர், பெங்கால் நாக்பூர் ரயில்வே தொழிலாளர்களைத் திரட்டியவர், 1937-இல் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையிலும் 1952-இல் நேருவின் அமைச்சரவையிலும் தொழிலாளர் துறையைக் கவனித்தவர், 1969-இல் குடியரசுத் தலைவரானவர். தொழிலாளர் இயக்கம் இந்தியாவுக்குத் தந்த மிக உயர்ந்த பெயர் அவருடையது. ஆனால் கிரி ஒருநாளும் கூலிக்கு வேலை பார்த்தவர் அல்லர். வழக்கறிஞராகத் தொழிலாளர் பக்கம் வந்து நின்றவர்.

இந்த வாரம் பார்க்கப்போகிறவர் அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஹைதராபாத் சனத்நகரில் இருந்த ஆல்வின் தொழிற்சாலையில் தினக்கூலியாகச் சேர்ந்து, அதே ஆலையின் தொழிற்சங்கத் தலைவராகி, 1980-இல் ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சரானவர். பெயர் டி. அஞ்சையா. தமிழ்நாட்டில் இன்று அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் அவர் ஒரு விமான நிலையச் சம்பவமாக மட்டுமே ஞாபகம் இருப்பார். அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் அவருக்கு ஒரு நீண்ட வாழ்க்கை இருந்தது.

ஆறணாக் கூலி

இன்று ஹைதராபாத் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மியாப்பூரிலிருந்து அமீர்பேட்டை நோக்கி வந்தால் மூசாப்பேட்டை, பாரத் நகர், எர்ரகட்டா, இ.எஸ்.ஐ. மருத்துவமனை என்று நிலையங்கள் வரிசையாக வரும். இந்தப் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஆலைச் சங்குக்கு எழுந்து ஆலைச் சங்குக்கு உறங்கிய பகுதி. தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவமனை இங்கே பெரிதாக எழுந்து நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், 1929-இல், ஹைதராபாத் அரசு தொழில்துறை அறக்கட்டளை நிதி ஒன்றைத் தொடங்கியது. அரசுப் பணத்தைத் தனியார் முதலீட்டோடு சேர்த்து ஆலைகள் எழுப்புவது அதன் நோக்கம். வாரங்கல்லில் ஆஜம் ஜாஹி நூற்பாலை, போதனில் நிஜாம் சர்க்கரை ஆலை, சிர்பூரில் காகித ஆலை என்று 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் ஆலைகள் வந்தன. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல், அந்த நிதியும் அலாவுதீன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கியதுதான் ஹைதராபாத் ஆல்வின் மெட்டல் ஒர்க்ஸ். இரும்புச் சாமான்களும் பேருந்துக் கூண்டுகளும் செய்த ஆலை. ஹைதராபாத் தெருக்களில் ஓடிய இரண்டடுக்குப் பேருந்துகளில் ஆல்வின் பெயர் இருந்தது. பின்னாளில் இந்திய வீடுகளுக்குள் ஆல்வின் குளிர்பதனப் பெட்டியாகவும் கைக்கடிகாரமாகவும் அதே பெயர் நுழைந்தது. போர் முடிந்தபின் ஹைதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையும் சனத்நகருக்கு வந்தது.

அஞ்சையா 1919 ஆகஸ்டில் பிறந்தவர். சுல்தான் பஜார் பள்ளியில் படித்தார். மேற்படிப்புக்கு வழியில்லை. ஆல்வினில் வேலைக்குச் சேர்ந்தார். தினக்கூலி ஆறணா. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஆறணா என்பது நாள் முழுக்க உழைத்தாலும் அரை ரூபாய் எட்டாத கூலி. பிற்காலத்தில் அமைச்சர்களோடும் ஆளுநர்களோடும் உட்கார்ந்தபோதும் இந்த ஆறணா அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அவரைப் பற்றி எழுதிய எவரும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

வெளியிலிருந்து வந்த தலைவர்கள்

அஞ்சையாவின் ஏற்றம் எவ்வளவு அரியது என்று புரிய, அன்றைய தொழிற்சங்கங்கள் எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பிறந்தது. பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்கான சங்கம் அது. அதன் தலைவர் பி.பி. வாடியா தியசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்தவர். தோளோடு தோள் நின்ற திரு.வி.க. தமிழாசிரியர், பத்திரிகையாளர். இருவருமே தறி ஓட்டியவர்கள் அல்லர். ஹைதராபாத்திலும் இதே கதைதான். அங்கே 1940களில் தொழிலாளர்களைத் திரட்டியவர்களில் முதன்மையான மக்தூம் முகைதீன் உருதுக் கவிஞர், சிட்டி கல்லூரி விரிவுரையாளர். வேலையை உதறிவிட்டுக் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். அவருடைய தோழர் ராஜ் பகதூர் கௌர் மருத்துவம் படித்தவர்.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. ஆலைக்குள் வேலை செய்கிறவன் சங்கம் என்று வாய் திறந்தால் மறுநாள் வேலை போய்விடும். வெளியாளை வேலையைவிட்டு நீக்க முடியாது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே இதை ஏற்றுக்கொண்டது. நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்று விதித்து, மீதிப் பாதிக்கு வெளியாட்களை அனுமதித்தது. அந்த மீதிப் பாதியில்தான் பெரும்பாலும் தலைவர் பதவி போய்ச் சேர்ந்தது.

ஆல்வினில் ஒரு தினக்கூலி, சக தொழிலாளர்களின் ஆதரவால் சங்கத் தலைவரானார் என்பதன் கனம் இங்கேதான் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர், ஆங்கிலம் பேசத் தெரிந்தவர், நிர்வாகத்தின் முன் நாற்காலி போட்டு உட்காரக்கூடியவர் என்று வெளியாளைத் தேடுவது வழக்கமாக இருந்த காலத்தில், தங்களில் ஒருவர் போதும் என்று அந்த ஆலை முடிவு செய்தது.

ஆலைத் தொழிற்சங்கத் தலைவர் பதவி ஒரு முழுநேரக் கல்வி. வாசற்கூட்டத்தில் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைப் பத்து நிமிடம் நிறுத்திப் பேச வேண்டும். கோரிக்கைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். அதில் எது கிடைக்கும், எது பேரத்துக்காக மட்டும் சேர்த்தது என்று தனக்குள் தெரிந்திருக்க வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் பன்னிரண்டு-மூன்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது வெளியே காத்திருப்பவர்கள் முகம் நினைவில் இருக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3)-ஆம் பிரிவின்படி போட்ட கையெழுத்து, அந்தச் சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும் கட்டுப்படுத்தியது. அவ்வளவு பேர் வயிறும் ஒருவர் பேனாவில் இருக்கும். ஒப்பந்தம் பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் தலைவர் மாறிவிடுவார். அதிகாரம் முழுக்கக் கீழிருந்து வருவது. அதே கீழிருந்து திரும்பப் பெறப்படுவது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சையாவின் பிற்காலக் கதை முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் சுழல்கிறது.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

ஹைதராபாத் சமஸ்தானம் 1948 செப்டம்பரில் இந்தியாவோடு இணைந்தது. அஞ்சையா காங்கிரஸ்காரர். சங்கத்திலிருந்து சட்டமன்றம், சட்டமன்றத்திலிருந்து மாநில அமைச்சரவை என்று படிப்படியாக ஏறினார். எங்கே போனாலும் தொழிலாளர் நலனே அவருக்கு அடையாளமாக இருந்தது.

1978 தேர்தலில் ஒரு பெரிய அடி. ஹைதராபாத்தின் முஷீராபாத் தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர் நாயினி நரசிம்ம ரெட்டி. அவரும் தொழிற்சங்கக்காரர்தான், சோஷலிஸ்ட் மரபில் வந்தவர். பின்னாளில் 2014-இல் தெலங்கானாவின் முதல் உள்துறை அமைச்சரானவர். ஒரு தொழிலாளர் தலைவரை இன்னொரு தொழிலாளர் தலைவர் தோற்கடித்த தேர்தல் அது.

அதே 1978-இல் முதலமைச்சரானவர் டாக்டர் மர்ரி சென்னா ரெட்டி. தமிழ் வாசகர்களுக்கு இவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1993 முதல் 1996 டிசம்பரில் இறக்கும்வரை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர். முதல்வர் ஜெயலலிதாவோடு அவருக்கு இருந்த மோதல் அந்த ஆண்டுகளின் தலைப்புச் செய்தி. அவரும் அஞ்சையாவைப் போல 1919-இல் பிறந்தவர். அவர் 1941-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அஞ்சையா ஆலைக்குப் போனார். 33 வயதில் ஹைதராபாத் மாநிலத்தில் அமைச்சர், பிறகு மத்திய உருக்குத் துறை அமைச்சர், 1969 தனித் தெலங்கானாப் போராட்டத்தின் தலைவர் என்று சென்னா ரெட்டியின் பாதை வேறு. 1971 மக்களவைத் தேர்தலில் அவருடைய தெலங்கானா பிரஜா சமிதி, தெலங்கானாவின் 14 இடங்களில் 10-ஐ வென்றது. தேர்தல் வழக்கு ஒன்றால் ஆறு ஆண்டு போட்டியிடத் தடை இருந்தபோதே இதைச் சாதித்தார். தனக்கென்று ஒரு படை வைத்திருந்த தலைவர் அவர்.

1980 அக்டோபரில் டெல்லி தலைமை சென்னா ரெட்டியை இறக்கியது. அந்த இடத்துக்கு யாரை அனுப்புவது? அப்போது அஞ்சையா மத்தியில் தொழிலாளர் துறை இணையமைச்சர். இந்திரா காந்தி அவரைத் தேர்ந்தெடுத்தார். 1980 அக்டோபர் 11 அன்று ஆலைத் தொழிலாளி முதலமைச்சரானார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாத முடிவில், போலந்தின் கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் லேக் வலேசா என்ற மின்பணியாளர் அரசோடு ஒப்பந்தம் செய்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். பிரேசிலில் லூலா என்ற உலோகத் தொழிலாளி வேலைநிறுத்தங்களை நடத்திக்கொண்டிருந்தார். வலேசா 1990-இலும் லூலா 2002-இலும் தங்கள் நாட்டுத் தேர்தல்களில் வென்று அதிபரானார்கள். அஞ்சையா அவர்களுக்கெல்லாம் முந்திக்கொண்டார். ஆனால் அவர்களை மேலே ஏற்றியது வாக்கு. இவரை ஏற்றியது ஒரு முடிவு.

அறுபதைத் தாண்டிய அமைச்சரவை

அஞ்சையாவின் ஆட்சியைப் பற்றி எல்லோரும் சொல்வது அவருடைய பெரிய அமைச்சரவையைத்தான். அமைச்சர்களின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. 294 பேர் கொண்ட சட்டமன்றத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. இன்று 2003-ஆம் ஆண்டின் 91-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 15 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. அதே சட்டமன்றத்துக்கு 44 பேர்தான். பத்திரிகைகள் அன்று கேலி செய்தன, இன்றுவரை அந்தக் கேலி தொடர்கிறது.

அந்த எண்ணிக்கையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். சென்னா ரெட்டிக்கு இருந்த படை அஞ்சையாவுக்கு இல்லை. கடலோர ஆந்திரம், ராயலசீமை, தெலங்கானா என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் பல கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் டெல்லியில் ஒரு கதவு. தனக்கென்று எம்.எல்.ஏ.க்கள் இல்லாத முதல்வர், எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால்தான் நாற்காலி நிற்கும். ஆலைச் சங்கத்தில் எல்லாப் பிரிவுத் தொழிலாளர்களையும் செயற்குழுவில் சேர்த்துக்கொள்வது நல்ல தலைமை. வார்ப்புப் பிரிவு, வண்ணப்பூச்சுப் பிரிவு, பற்றவைப்புப் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்தால் ஆலை ஒன்றாக நிற்கும். அரசாங்கத்தில் அதே பழக்கம் அவரைப் பலவீனமாகக் காட்டியது. ஏனென்றால் செயற்குழுவில் உட்கார்ந்தவர்களை அங்கே அனுப்பியது தொழிலாளர். அமைச்சரவையில் உட்கார்ந்தவர்கள் பார்த்தது டெல்லியை.

பேகம்பேட்டை

1982 பிப்ரவரித் தொடக்கத்தில் ராஜீவ் காந்தி ஹைதராபாத்துக்கு வந்தார். அப்போது அவர் அமேதி எம்.பி.; பிரதமரின் மகன். சனத்நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பேகம்பேட்டை விமான நிலையத்துக்கு அஞ்சையா பெரும் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போனார். மாலைகள், மேளம், ஆட்டம். தொழிற்சங்கத்தில் வளர்ந்தவருக்குத் தலைவரை வரவேற்பது என்றால் கூட்டம்தான். வெறும் கையோடு நாலு பேர் போய் நிற்பது அவருக்கு அவமரியாதையாகத் தோன்றியிருக்கும்.

ராஜீவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் முதலமைச்சரைக் கடிந்துகொண்டார். 62 வயது முதலமைச்சர் கலங்கி நின்ற செய்தி மறுநாள் மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த மாதமே அஞ்சையா பதவி விலகினார். 1982 பிப்ரவரி 24 அன்று பவனம் வெங்கட்ராமி ரெட்டி முதல்வரானார். செப்டம்பரில் அவரும் மாற்றப்பட்டுக் கோட்லா விஜயபாஸ்கர ரெட்டி வந்தார். ஐந்து ஆண்டுக்குள் நான்கு முதல்வர்கள்.

ஒரு மனிதருக்கு நேர்ந்த அவமானத்தைத் தெலுங்கு மக்கள் தங்களுக்கு நேர்ந்ததாக எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காயத்துக்குக் குரல் கொடுக்க ஒரு நடிகர் வந்தார். 1982 மார்ச் 29 அன்று என்.டி. ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்தார். தெலுங்கர் தன்மானம் என்பதே அவருடைய முழக்கம். ஒன்பதே மாதத்தில், 1983 ஜனவரியில், 200-க்கும் மேற்பட்ட இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்தார். சனத்நகர் சட்டமன்றத் தொகுதியிலும் அந்த அலையில் தெலுங்கு தேசத்தின் காட்ரகட்டா பிரசூனா வென்றார். மாநிலம் பிறந்த 1956 முதல் ஆண்டுவந்த காங்கிரஸ் முதன்முறையாக எதிர்வரிசைக்குப் போனது.

விமான நிலையச் சம்பவம் ஒன்றுதான் காங்கிரசைத் தோற்கடித்தது என்று சொன்னால் அது வரலாற்றைச் சுருக்குவதாகும். அடிக்கடி முதல்வரை மாற்றியதில் மக்களுக்கு எரிச்சல் இருந்தது, விலைவாசி இருந்தது, ராமாராவின் திரைப் பிம்பம் இருந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும் கோத்து ஒரே கதையாக்கும் நூல் அஞ்சையாவின் கலங்கிய முகத்தில் கிடைத்தது.

பலரும் எழுதாத அத்தியாயம்

அஞ்சையாவின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி இதற்குப் பிறகுதான் வந்தது.

1984 டிசம்பர். இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் நடந்த மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கக் காங்கிரஸ் அலை. ஆந்திரத்தில் மட்டும் அது எடுபடவில்லை. 42 இடங்களில் தெலுங்கு தேசம் 30-ஐ வென்றது. காங்கிரசுக்குக் கிடைத்தவை ஆறு. அந்த ஆறில் ஒன்று செகந்திராபாத். வென்றவர் அஞ்சையா. முஷீராபாத்தும் சனத்நகரும் சேர்ந்த நாடாளுமன்றத் தொகுதி அது. தான் தினக்கூலியாக வேலைசெய்த மண், 1978-இல் தன்னைத் தோற்கடித்த மண், இப்போது அவரைத் தேர்ந்தெடுத்தது. தெலுங்கர் தன்மானம் பேசிய கட்சியின் உச்சகட்ட அலையில், அந்த முழக்கத்துக்குக் காரணமானவரே எதிர்க்கட்சியில் நின்று வென்றார்.

பிரதமராகிவிட்ட ராஜீவ் அவரைத் தம் அமைச்சரவையில் சேர்த்துத் தொழிலாளர் துறையை ஒப்படைத்தார். 1985-இல் போனஸ் சட்டம் திருத்தப்பட்டது. மாதம் 1,600 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு 2,500 ரூபாயாக உயர்ந்தது. வரம்பு தாண்டிவிட்டது என்று போனஸ் மறுக்கப்பட்ட ஏராளமான தொழிலாளர்கள் மீண்டும் பட்டியலுக்குள் வந்தார்கள். தீபாவளிக்கு முன் அந்தத் தொகை கைக்கு வருவது ஒரு குடும்பத்துக்கு என்ன என்பது ஆலைக்காரர் வீடுகளுக்குத் தெரியும்.

1986 அக்டோபர் 19 அன்று அஞ்சையா இறந்தார். இடைத்தேர்தலில் செகந்திராபாத் மக்கள் அவருடைய மனைவி மணெம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1989-இலும் அவரே வென்றார். அதே 1989-இல் சனத்நகர் சட்டமன்றத் தொகுதியில் வென்று இரண்டாம் முறை முதல்வரானவர், அஞ்சையாவுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த அதே சென்னா ரெட்டி. ஆலைக்காரருக்கும் மருத்துவருக்கும் ஒரே வட்டாரம் அடைக்கலம் கொடுத்தது.

எது நின்றது, எது விழுந்தது

முந்தைய தொழில் ஒரு தலைவருக்கு அரசியலில் எவ்வளவு உதவுகிறது என்பதுதான் இந்தத் தொடரின் கேள்வி. அஞ்சையாவின் வாழ்க்கை இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஆல்வின் அவருக்கு மூன்றைக் கொடுத்தது: மனிதர்களை ஒன்றுசேர்க்கும் பழக்கம், கேட்டுப் பெறும் பொறுமை, தொழிலாளர்களின் நம்பிக்கை. மக்கள் அவரை அனுப்பிய இடங்களில் இந்த மூன்றும் வேலை செய்தன. சங்கத்தில் வேலை செய்தன. செகந்திராபாத்தில் வேலை செய்தன. டெல்லி அவரை அனுப்பிய இடத்தில் அவற்றுக்கு மதிப்பில்லை. அங்கே அவர் வெறும் நியமனக்காரர். மேலிருந்து வந்த அதிகாரம் மேலே ஒரு முகம் சுளித்ததும் போய்விட்டது. பதினாறு மாத ஆட்சியின் தோல்விக்கு அந்த மனிதரின் எளிமையையோ படிப்பையோ காரணம் காட்டியவர்கள் தவறான இடத்தில் விரல் வைத்தார்கள். தவறு அந்த நாற்காலி கொடுக்கப்பட்ட முறையில் இருந்தது.

கேரளத்தில் இதற்கு எதிர்ப்பக்கச் சான்று உண்டு. ஆலப்புழையின் ஆஸ்பின்வால் கயிற்று ஆலையில் வேலை பார்த்தவர் வி.எஸ். அச்சுதானந்தன். 2006-இல் 82 வயதில் முதல்வரானார். அவருடைய கட்சித் தலைமைக்கும் அவருக்கும் இடையே பிணக்குகள் இருந்தன. வேட்பாளர் பட்டியலில் முதலில் அவர் பெயர் விடுபட்டபோது தொண்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். தலைமை முடிவை மாற்றியது. ஐந்து ஆண்டும் அவர் ஆட்சியில் இருந்தார். கீழிருந்து தாங்கும் கைகள் இருந்தால் மேலிருந்து தள்ளுவது எளிதல்ல.

ஆல்வின் இன்று இல்லை. 1990களில் அதன் பிரிவுகள் வெவ்வேறு நிறுவனங்களுக்குப் போயின. குளிர்பதனப் பெட்டித் தொழில் வோல்டாஸ் கைக்கு மாறியது. குக்கட்பள்ளிப் பக்கம் ஆல்வின் காலனி என்று ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது. ஹுசைன் சாகர் கரையில் லும்பினி பூங்காவுக்கு அஞ்சையா பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆலைக்குள் இருந்து எழுந்த தலைமை என்ற ஒன்று இந்திய அரசியலில் வேகமாக மறைந்துவருகிறது. நிரந்தரத் தொழிலாளர் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்தபின், ஓர் ஆலையில் இருபது ஆண்டு சேர்ந்து உழைத்து ஒருவரையொருவர் அறிந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கே வாய்ப்பில்லாமல் போகிறது. நம் சட்டமன்றங்களில் ஒப்பந்தக்காரர்களும் கல்லூரி உரிமையாளர்களும் நிறைந்திருக்கிறார்கள். கூலி வாங்கிய கை ஒன்றாவது அங்கே இருக்க வேண்டாமா?

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னியிலோ, சிம்சனிலோ, கோவை நூற்பாலைகளிலோ, ஆவடியிலோ, ஹைதராபாத் ஆல்வினிலோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் சங்கத் தேர்தல்களைப் பற்றிக் கேளுங்கள். யார் நின்றார், யார் வென்றார், என்ன ஒப்பந்தம் போட்டார் என்று எழுதி வையுங்கள். அஞ்சையாவைப் பற்றி நமக்கு ஒரு விமான நிலையக் காட்சி மட்டும் மிஞ்சியதற்குக் காரணம், ஆல்வின் வாசலில் அவரோடு நின்றவர்களின் பேச்சை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதே.

(அடுத்த வாரம்: சார்பதிவாளர் வேலையை உதறிவிட்டுத் திரைக்குப் போனவர், திரையிலிருந்து ஆட்சிக்கு வந்தவர் – என்.டி. ராமாராவ்)